தண்ணி எங்கிட்டுப் போகும்?

மலையும் மரமுமா இருக்குற கோல்ஃப் மைதானத்துல எப்படி ஆடுறதுன்னு ஒரு பதிவு போடச் சொல்லி நண்பர்கள் ரெண்டு மூணு பேர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்காங்க. "குடுமியான்மலைக்காரனுக்கும் கோல்ஃபுக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேக்குறவங்க அதைவிட அதிகம். ரெண்டு கோஷ்டிக்கும் சேர்த்து இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். காபி எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஊர்ப் பெருமை. (இது இல்லாம நான் எந்தப் பதிவையும் ஆரம்பிச்சதில்லைன்னு உங்களுக்கே தெரியும்.) புதுக்கோட்டையிலிருந்து 20 கிலோமீட்டர்ல எங்க ஊர். குன்று, சிகாநாதசாமி கோயில், குடைவரை, அண்ணா பண்ணை. அதோட பாறையில வெட்டின அந்த 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு. கிரந்த எழுத்துல 38 வரி, ஏழு பகுதி, முழுக்க சுரங்கள். ருத்ராசாரியார் என்பவரோட சீடனான ஒரு ராஜா, மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தார்னு கடைசியில எழுதியிருக்கு. ராஜா பேர் கிடையாது. மாணவர் நன்மைக்காகக் குறிப்பு எழுதி வைக்கிறது எங்க ஊர் ரத்தத்துல இருக்கு. அந்த வழியில இதோ என்னோட கோல்ஃப் குறிப்பு :-)

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பதினெட்டு குழி. ஒவ்வொரு குழிக்கும் "டீ"ங்கிற இடத்துல ஆரம்பிச்சு, "ஃபேர்வே"ங்கிற புல்வெளி வழியா, "கிரீன்"ங்கிற வழவழ புல்தரைக்குப் போய் பந்தைக் குழிக்குள்ள தள்ளணும். எத்தனை அடியில முடிக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு, அது "பார்". அதைவிட ஒண்ணு கூடினா "போகி". பையில அதிகபட்சம் 14 மட்டை வச்சுக்கலாம். எதிராளி உங்க பந்தைத் தொடவே மாட்டான். உங்களை எதிர்க்கிறது தரை மட்டும்தான். அதனாலதான் தரை மாறினா ஆட்டமே மாறிப்போகுது.

வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் இதைக் கொண்டுபோனான். கல்கத்தாவுல 1829லயே கிளப் வந்தாச்சு. வெயில் தாங்காம மலையேறினப்போ மட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டு ஏறினான். ஊட்டி, வெலிங்டன், நுவரெலியான்னு வரிசையா மைதானம். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895ல ஆரம்பிச்சது. தூண் பாறைக்குப் போற ரோட்டுல, பச்சைப் பள்ளத்தாக்கு பாக்க வண்டிகள் நிக்குற இடத்துக்கிட்ட இருக்கு. டூரிஸ்ட் பஸ்ல போறவங்க ஜன்னல் வழியா "ஆஹா, என்ன புல்லு!"ன்னு பாத்துட்டுப் போயிடுவாங்க. நானும் காலேஜ் டூர்ல அப்படிப் பாத்துட்டுப் போனவன்தான்.

நாற்பது வயசுக்கு மேல, பெங்களூர்ல வேலை பாக்குறப்போ, டாக்டர் நடக்கச் சொன்னாரு. சும்மா நடக்க போரடிச்சுது. ஆபீஸ் நண்பர் ஒருத்தர் மட்டையைக் கையில கொடுத்தாரு. அவ்வளவுதான் கதை. இன்னிக்கும் நான் சுமார் ரகம்தான், ஹேண்டிகேப் 22. அதாவது பாரைவிட இருபத்திரண்டு அடி வரைக்கும் கூட எடுத்தாலும் "பரவாயில்ல, இவன் இப்படித்தான்"னு ஆட்டமே மன்னிச்சு விட்டுடும். நல்லா ஆடுறவங்களுக்கு இந்தப் பதிவுல ஒண்ணும் இல்லை. என்னை மாதிரி சுமார் ஆளுங்களுக்குத்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நிக்கிற இடமே சரிவு

பயிற்சி எடுக்குற இடத்துல ரப்பர் பாய் போட்டிருப்பாங்க. சமதரை. மலை மைதானத்துல டீயை விட்டு இறங்கினா அந்தச் சமதரை அதுக்கப்புறம் கிடைக்கிறது அபூர்வம். நாலு விதமா நிக்க வேண்டி வரும். வலது கைக்காரங்களுக்குச் சொல்றேன், இடது கைக்காரங்க திருப்பிப் போட்டுக்கோங்க.

ஒண்ணு, ஏத்தத்தைப் பாத்து நிக்கிறது. பந்து உயரமா கிளம்பும், தூரம் குறையும், இடது பக்கம் இழுக்கும். வழக்கத்தைவிட ஒரு நம்பர் நீளமான மட்டை எடுங்க.

ரெண்டு, இறக்கத்தைப் பாத்து நிக்கிறது. பந்து தாழ்வா கிளம்பும், விழுந்த பிறகு ஓடும், வலது பக்கம் ஒதுங்கும். பந்தை மேல தூக்கி விடணும்னு கை பரபரக்கும். தூக்காதீங்க. சரிவோடயே மட்டையைக் கீழ விடுங்க.

மூணு, பந்து நம்ம பாதத்தைவிட மேட்டுல இருக்கிறது. இடது பக்கம் போகும். மட்டையைக் கொஞ்சம் கீழ இறக்கிப் பிடிச்சு, வலது பக்கமா குறி வைக்கணும்.

நாலு, பந்து பாதத்தைவிடப் பள்ளத்துல இருக்கிறது. நாலுலயும் கஷ்டமானது இதுதான். வலது பக்கம் போகும். முட்டியை மடக்கி, அடிச்சு முடிக்கிற வரைக்கும் நிமிராம இருக்கணும்.

நாலுக்கும் பொதுவா ஒரு விதி உண்டு. முழு வேகத்துல வீசாதீங்க, முக்கால் வேகம் போதும். வரப்பு மேல தலைச்சுமையோட நடக்குறவன் ஓடுவானா? அதே சங்கதிதான்.

தூரக் கணக்கு

கொடைக்கானல் கடல் மட்டத்துலேருந்து சுமார் 2,100 மீட்டர். காத்து லேசு. பந்துக்குத் தடை குறைவு. ஏறக்குறைய ஏழெட்டு சதவீதம் கூடப் போகும். கீழ 150 கஜம் போற அடி மேல 160ஐத் தொட்டுடும். குளிர் அதுல கொஞ்சத்தைத் திருப்பி வாங்கிக்கும், ஏன்னா குளிர்ந்த பந்து அவ்வளவா துள்ளாது. இதோட மேடு பள்ளக் கணக்கையும் சேர்த்துக்கணும். குறி 30 அடி பள்ளத்துல இருந்தா 10 கஜம் குறைச்சுக்கோங்க, 30 அடி மேட்டுல இருந்தா 10 கஜம் கூட்டிக்கோங்க. தோராயக் கணக்குதான், ஆனா எங்களை மாதிரி ஆளுங்களுக்கு இது தாராளம்.

ஃபேர்வே குறுக்கா சரிஞ்சிருந்தா நடுவுல குறி வைக்காதீங்க. மேட்டுப் பக்கமா விடுங்க. பந்து தானா உருண்டு நடுவுக்கு வந்து நிக்கும்.

நேரமும் ஒரு கணக்குதான். காலையிலயே ஆரம்பிச்சுடுங்க. மதியத்துக்கு மேல மூடுபனி ஏறினா கொடி தெரியாது, பல நேரம் பக்கத்துல நிக்கிற ஆளே தெரியாது.

மரத்துக்குள்ள போனா

இதுல மனசுதான் பெரிய எதிரி. பந்து மரங்களுக்கு நடுவுல கிடக்கும். ரெண்டு மரத்துக்கு நடுவுல ஒரு சந்து தெரியும். அது வழியா கிரீன் தெரியும். "அடிச்சிடலாம்டா"ன்னு உள்ளுக்குள்ள ஒரு குரல் கேக்கும். டிவி பாத்துக் கெட்டுப்போன குரல் அது.

அமெரிக்காவுல அகஸ்டா நேஷனல்னு ஒரு மைதானம். மாஸ்டர்ஸ் போட்டி 1934லேருந்து அங்கதான் நடக்குது. மேடு பள்ளமும் பைன் மரமுமா இருக்கும். டிவியில தட்டையா தெரியும். ஆனா அங்க 10ஆம் குழி டீயிலேருந்து கிரீன் வரைக்கும் சுமார் 100 அடி கீழ இறங்குது. 2012ல பப்பா வாட்சன் அந்தக் குழியில மரங்களுக்குள்ள மாட்டிக்கிட்டாரு. பந்தை வாழைப்பழம் மாதிரி வளைச்சு அடிச்சு கிரீன்ல நிறுத்தி ஜெயிச்சாரு. உலகமே பாத்துச்சு. அதே குழியில அதுக்கு முந்தின வருஷம், கடைசி நாள் ஆட்டத்தை நாலு அடி முன்னிலையோட ஆரம்பிச்ச ரோரி மெக்கல்ராய் இடது பக்க மரங்களுக்குள்ள அடிச்சாரு. அந்தக் குழிக்கு மட்டும் ஏழு அடி. அன்னைக்கு மொத்தம் 80. போட்டி போச்சு. அதே மாஸ்டர்ஸை அவர் ஜெயிக்க 2025 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு.

உலகத்துலயே சிறந்த ஆளுங்களுக்கே இந்த கதி. நமக்கு மரத்துக்குள்ள ஒரே வழிதான். எந்தப் பக்கம் பெரிய இடைவெளி இருக்கோ அந்தப் பக்கம் பந்தைத் தள்ளி ஃபேர்வேக்கு வந்துடணும். அது பக்கவாட்டா இருக்கலாம், பின்பக்கமாக்கூட இருக்கலாம். ஒரு அடி நஷ்டம்தான். சந்து வழியா அடிச்சு மரத்துல பட்டுத் திரும்பினா மூணு நாலு அடி நஷ்டம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. பதினெட்டு குழியிலயும் ஒவ்வொரு அடி கூட எடுத்தாலும் மொத்தம் 18தான் கூடும். பார் 72ன்னா 90ல முடியும். ஹேண்டிகேப் 22காரனுக்கு அது திருவிழா. நம்மளைக் கவுக்குறது போகி இல்லை. ஒரே குழியில எட்டு, ஒன்பதுன்னு எடுக்குறோமே, அதுதான். குறுகலான குழியில பெரிய டிரைவர் மட்டையைப் பைக்குள்ளயே வச்சுட்டு, 5ஆம் நம்பர் அயர்னால ஆரம்பிச்சா யாரும் கேலி பண்ண மாட்டாங்க. பண்ணினாலும் கடைசியில அட்டையைக் கூட்டும்போது வாயை மூடிக்குவாங்க.

ரெண்டு விதி இங்க உதவும். பந்து தொலைஞ்சிருக்கும்னு சந்தேகம் வந்தா, தேடப் போறதுக்கு முன்னாடியே "பிராவிஷனல்"னு சொல்லிட்டு இன்னொரு பந்தை அடிச்சு வச்சுடுங்க. 2019லேருந்து தேட மூணு நிமிஷம்தான், முன்னாடி அஞ்சு நிமிஷம் இருந்தது. பந்து கிடைச்சும் அடிக்க முடியாத இடத்துல இருந்தா ஒரு அடி அபராதம் கொடுத்துட்டு, ரெண்டு மட்டை நீளத்துக்குள்ள, குழிக்குக் கிட்ட போகாம, எடுத்துப் போட்டுக்கலாம். வேர் மேல இருக்குற பந்தை அடிச்சு மணிக்கட்டை உடைச்சுக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

காட்டெருமை வந்தா

கொடைக்கானல் மைதானத்துல காட்டெருமை சர்வ சாதாரணமா மேயும். விதிப்படி சொல்லணும்னா, அது உங்க பந்தை உதைச்சுத் தள்ளிட்டா அபராதம் கிடையாது, பழைய இடத்துல வச்சுக்கலாம். கிரீன்ல குளம்புத் தடம் இருந்தா 2019லேருந்து அதைச் சரிபண்ணிட்டு ஆடலாம். ஆபத்தான மிருகம் பக்கத்துல இருந்தா இலவசமா வேற இடத்துல போட்டுக்க இன்னொரு விதி இருக்கு. இதெல்லாம் புத்தகம். நடைமுறை என்னன்னா, பையைக் கீழ வச்சுட்டு சத்தம் போடாம தள்ளி நிக்கிறது. அது போற வரைக்கும் நேரம் அதோடது.

கிரீன்

இப்பதான் நான் எழுத வந்த விஷயத்துக்கு வர்றேன்.

மலையில கிரீனைப் படிக்கிறது கண்ணுக்குப் பெரிய சோதனை. சுத்தி எல்லாமே சரிவா இருக்குறதால எது சமம்னு கண்ணுக்குத் தெரியாது. மலை இடது பக்கம் பலமா சரியும், கிரீனும் இடது பக்கமே லேசா சரியும். நமக்கு அது வலது பக்கம் சரியுற மாதிரி தெரியும். கண் அளவெடுக்கிறது பக்கத்துல இருக்குற மலையை வச்சுத்தானே!

அப்பாவோட ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கொடைக்கானல் போயிருந்தோம். மணப்பாறை, திண்டுக்கல், வத்தலக்குண்டு, அப்புறம் மலை ரோடு. அப்பாவுக்கு 78 வயசு. கண்மாய்க்குக் கீழ ரெண்டு ஏக்கர் நஞ்சை வச்சு விவசாயம் பாத்தவர். கிளப்ல உறுப்பினரா இருக்குற நண்பர் என்னை விருந்தாளியா கூப்பிட்டிருந்தாரு. "நீ ஆடு, நான் பேசாம கூட நடந்து வர்றேன்"னு அப்பாவும் கிளம்பிட்டாரு. வேட்டி, ஸ்வெட்டர், தலையில மஃப்ளர். முதல் ரெண்டு குழிக்கு வாயே திறக்கலை. மூணாவதுல மெதுவா கேட்டாரு.

"ஏம்ப்பா, இந்தப் பந்தை உருட்டி விடுறீங்களே, அது எங்கிட்டுப் போகும்னு அம்புட்டு நேரம் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறீங்க. தண்ணி எங்கிட்டுப் போகுமோ அங்கிட்டுத்தானே போகும்?"

கூட வந்த கேடி சின்ன வயசுத் தம்பி. சிரிச்சுட்டான். "அய்யா சொல்றது சரிதான் சார். எங்களுக்கும் பெரியவங்க அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

அப்பா அதோட விடலை. முந்தின நாள் ராத்திரி மழை பேஞ்சிருந்துச்சு. கிரீன் ஓரத்துல பைன் ஊசிச் சருகு வரி வரியா ஒதுங்கிக் கிடந்துச்சு. அதைக் கைத்தடியால தொட்டுக் காட்டினாரு. "இந்தா பாரு, இங்கிட்டுத்தான் தண்ணி வந்து ஏறி நின்னு வடிஞ்சிருக்கு. கண்ணு பொய் சொல்லும். சருகு சொல்லாது." என் நண்பர் பந்துக்கு நேரா நின்னு வலது பக்கம்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. கேடி தம்பி அப்பா பக்கம். நான் சருகு காட்டின பக்கம் பந்தை விட்டேன். குழிக்குள்ள விழுந்துச்சுன்னு சொல்ல ஆசைதான், ஆனா ஒரு ஜாண் தள்ளி நின்னுச்சு. வளைஞ்சது மட்டும் அப்பா சொன்ன பக்கம்தான் :-)

(ஆட்டக்காரன் கேடிகிட்ட மட்டும்தான் யோசனை கேக்கலாம்னு விதி இருக்கு. அன்னைக்கு நட்பு ஆட்டம், அதனால யாரும் விதிப் புத்தகத்தை எடுக்கலை.)

எங்க பக்கத்து விவசாயிக்கு இது பால பாடம். புதுக்கோட்டைச் சீமை ஆறு ஓடுற ஊர் இல்லை. மழைத்தண்ணி செம்மண் மேட்டுலேருந்து வழிஞ்சு, வரத்து வாரி வழியா கண்மாய்க்கு வரணும். நிறைஞ்சா கலிங்கு வழியா அடுத்த கண்மாய்க்குப் போகணும். அரை அடி வித்தியாசத்துல ஒரு ஊரு விளையும், இன்னொரு ஊரு காயும். வயல்லயும் அப்படித்தான். நடவுக்கு முன்னாடி தண்ணி கட்டிப் பாப்பாங்க. எங்க மேடு துருத்திக்கிட்டு நிக்குதோ அங்க பரம்பு அடிச்சுச் சமப்படுத்துவாங்க. மட்டம் பாக்குற கருவியே தண்ணிதான். அறுபது வருஷம் அதைப் பாத்த கண்ணுக்கு ஒரு கிரீன் எம்மாத்திரம்?

அகஸ்டாவுலயும் இதே பேச்சுதான். புட் பண்றப்போ சந்தேகம் வந்தா ரேஸ் க்ரீக் ஓடை எந்தப் பக்கம்னு பாருன்னு சொல்வாங்க. மைதானத்தோட தாழ்வான பக்கம் அதுதான்.

ஆக, கிரீனுக்கு என் குறிப்பு. கிட்ட போய்க் குனியிறதுக்கு முன்னாடி, முப்பது கஜம் தள்ளி வர்றப்பவே பாருங்க. இந்த இடத்துல ஒரு அண்டா தண்ணியைக் கவுத்தா எங்கிட்டு ஓடும்? அந்தப் பக்கம்தான் பந்து வளையும். அடுத்தது, அந்தத் தாழ்ந்த பக்கத்துலேருந்து புட் பண்ற மாதிரி முந்தின அடியை விடுங்க. மேல ஏத்தி அடிக்கிற புட்டைத் தைரியமா அடிக்கலாம், தப்பினாலும் பக்கத்துலயே நிக்கும். கீழ இறங்குற புட் தப்பினா குழியைத் தாண்டி ஓடிக்கிட்டே இருக்கும். அப்ப முந்தின அடி எங்க விழணும்? அதுக்கு முந்தினது? இப்படிப் பின்னாடியிருந்து முன்னாடி யோசிச்சு டீக்கு வாங்க. கண்மாயைப் பாத்துட்டு வாரி வழியா மேட்டுக்கு நடக்குற மாதிரி. மலை மைதான வியூகம்னு நான் சொல்ல வந்தது மொத்தமும் இதுதான்.

மைதானத்தை நடந்து படிச்சவங்க

இந்த ஆட்டத்துல தரையைப் படிச்சவங்க யாருன்னு பாத்தா, பெரும்பாலும் பை தூக்கினவங்களும் புல்லு வெட்டினவங்க பிள்ளைகளும்தான். 1991ல இந்தியன் ஓப்பன் ஜெயிச்ச முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்ல கேடியா இருந்தவர். 2009ல ஜெயிச்ச பெங்களூர் முனியப்பாவும் கேடியா இருந்தவர்தான். எஸ்.எஸ்.பி. சௌராசியாவோட அப்பா ராயல் கல்கத்தா கிளப்ல புல்தரையைப் பராமரிச்சவர். அந்தப் பையன் 2008ல இந்தியன் மாஸ்டர்ஸும், 2016, 2017ல ரெண்டு தடவை இந்தியன் ஓப்பனும் ஜெயிச்சாரு. அதுல 2008ம் 2016ம் டெல்லி கோல்ஃப் கிளப்ல. ரெண்டு பக்கமும் அடர்ந்த மரமும் புதரும் இருக்குற மைதானம் அது. தூரமா அடிக்கிறவனைவிட, எங்க அடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவனுக்கு வசதியான இடம்.

அதனால மலை மைதானத்துக்குப் போனா உள்ளூர் கேடி சொல்றதைக் கேளுங்க. மட்டையைக் கேட்டு வாங்குறதோட நிறுத்தாம, "தம்பி, எந்தப் பக்கம் போனா திரும்பி வர முடியாது?"ன்னு டீயில நின்னே கேளுங்க. அதைவிட உபயோகமான கேள்வி இந்த ஆட்டத்துல இல்லை.

அப்பா கேட்ட இன்னொரு கேள்வி

ஆறு குழி நடந்தாரு அப்பா. மூச்சு வாங்கிச்சு. ஒரு பெஞ்சுல உக்கார வச்சோம். சுத்தும் முத்தும் பாத்துட்டுக் கேட்டாரு.

"இம்புட்டு இடமும் இந்தப் பந்துக்காகவா?"

"ஆமாப்பா."

"ம்ம்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இந்த மலையில விழுகுற தண்ணி எந்த ஊருக்குப் போகுது?"

என்கிட்ட பதில் இல்லை. கேடி தம்பிதான், கீழ இருக்குற ஊர்களுக்குத்தான் போகுதுங்க அய்யான்னான்.

வர்ற வழியில ரோட்டோரம் தைல மரத்தைப் பாத்ததும் அப்பா முகம் மாறிடுச்சு. எங்க ஊர்ப் பக்கம் அதுக்கு ஆர்.எஸ்.பதின்னு பேர். "இவன் இங்கிட்டும் இருக்கானா?"ன்னாரு. இங்கிட்டும் என்ன, இவன் தமிழ்நாட்டுக்கு வந்ததே மலை வழியாத்தான். நீலகிரியில 1840கள்லயே நட ஆரம்பிச்சுட்டாங்க. சோலைக்காடும் புல்வெளியுமா இருந்த மலைகள்ல தைல மரம், சீகை, பைன்னு ஏறிடுச்சு. எங்க மாவட்டத்துலயும் ஆயிரக்கணக்கான ஏக்கர் தைல மரக்காடு. மழைத்தண்ணி காட்டை விட்டு வெளிய வராதபடி உள்ளயே வரப்பு போட்டுத் தேக்கிடுறாங்க, கண்மாய்க்கு வரத்து இல்லைன்னு எங்க பக்கத்து விவசாயிங்க பல வருஷமா சொல்லிக்கிட்டு வர்றாங்க. எங்க கண்மாயும் முன்ன மாதிரி நிறையறதில்லை. வாரி பாதி தூர்ந்து கிடக்கு. நஞ்சையில ஒரு ஏக்கரை என் தங்கச்சி கல்யாணத்துக்கே வித்தாச்சு. மிச்சம் தரிசு.

பெஞ்சுல உக்காந்திருந்தவரைப் பாத்தப்போ எனக்கு ஒண்ணு உறைச்சுது. இவர் படிச்ச படிப்பு, எந்த மேடு எந்தப் பள்ளம், தண்ணி எங்கிட்டு வரும்ங்கிற படிப்பு. ஊர்ல அதைக் கேக்க ஆள் இல்லை. தண்ணி வந்தாத்தானே கேப்பான்? அந்தப் படிப்பு கடைசியில பிரயோஜனப்பட்டது ஒரு பந்தைக் குழிக்குள்ள தள்ளுறதுக்கு. அதுவும் கொடைக்கானல்ல. சந்தோஷப்படுறதா வருத்தப்படுறதான்னு எனக்கு இன்னும் தெரியலை. ரெண்டும் கலந்து கிடக்கு.

ஆனா அவரு அப்படி நினைச்ச மாதிரி தெரியலை. கிளம்புறப்போ கேடி தம்பி தோள்ல தட்டி, "உங்க ஊர்ல எந்தக் கண்மாய்க்குத் தண்ணி போகுதுன்னு விசாரிச்சு வையப்பா, அடுத்த தடவை வர்றப்போ கேப்பேன்"னாரு. அந்தத் தம்பியும் சரிங்க அய்யான்னு தலையாட்டினான். என் ஸ்கோர் 97. அதை யாருமே கேக்கலை :-(

போன வருஷம் ஊர்ல பசங்க கொஞ்சம் பேர் சேர்ந்து வாரியில ஒரு பர்லாங் தூரம் தூர் எடுத்தாங்க. ஜேசிபி வாடகைக்கு நானும் பங்கு போட்டேன். எந்த இடத்துல எவ்வளவு ஆழம் எடுக்கணும்னு அப்பா நாற்காலி போட்டு உக்காந்து சொன்னாரு. பசங்க மொபைல்ல ஏதோ மட்டம் பாக்குற ஆப் வச்சிருந்தாங்களாம். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னு போன்ல சொன்னப்போ அவர் குரல்ல ஒரு மிதப்பு. ஐப்பசி மழைக்குக் கண்மாயில முழங்கால் அளவு தண்ணி நின்னுச்சு. நெல்லு போடப் பத்தாது. மாடு குடிக்கும்.

கடைசியா, அவசரக்காரங்களுக்காகச் சுருக்கம்:

1. டீயில நிக்கிறப்பவே, எங்க போகக் கூடாதுங்கிறதை முதல்ல முடிவு பண்ணுங்க.
2. சரிவுல முக்கால் வேகம்.
3. மரத்துக்குள்ள போனா சந்தைப் பாக்காதீங்க, வெளியைப் பாருங்க.
4. கிரீனுக்குத் தாழ்ந்த பக்கத்துலேருந்து வாங்க.
5. உள்ளூர்க்காரன் பேச்சைக் கேளுங்க. காட்டெருமையும் உள்ளூர்தான்.

இப்பெல்லாம் ஏப்ரல் மாசம் மாஸ்டர்ஸ் வந்தா அப்பாவும் பெங்களூர்ல எங்க வீட்டுலதான். ராத்திரி வெகு நேரம் ஓடும். பேரனோட உக்காந்து கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பாப்பாரு. ஆட்டக்காரங்க பேர் ஒண்ணும் தெரியாது. ஆனா ஒருத்தன் குனிஞ்சு நிமிர்ந்து பந்தை உருட்டி விட்டதும், அது பாதி தூரம் போறதுக்குள்ளயே இவர் குரல் வந்துடும்.

"அடப்பாவி, அங்கிட்டு ஏன்டா விடுறே? தண்ணி இங்கிட்டுல்ல போகுது!"